பச்சை ஆபீசும் பெட்டி கட்டுற பிள்ளைகளும்

மாப்பிள்ளை, உன்னை ஆபீசுல பசுமைக் குழுவுக்குத் தலைவனாப் போட்டுட்டாங்கன்னு உங்கம்மா போன்ல சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு, சம்பளம் ஏத்தலைன்னு. நம்ம தோட்டத்துலயும் அதே வழக்கம்தான். ஒருத்தன் ரொம்ப முணுமுணுத்தான்னா அவனைக் கோயில் திருவிழாக் கமிட்டியில சேத்துவிட்டுருவார் துரை. அப்புறம் அவனுக்கு முணுமுணுக்க நேரம் இருக்காது.

போகட்டும். அதே போன்ல அடுத்த சேதியும் வந்துச்சு. ஷா ஆலம் அடுக்குமாடியைக் காலி பண்ணிட்டு, பொண்டாட்டி பிள்ளைகளோட இந்தக் கெர்லிங் பக்கமே குடிவரப் போறியாம். பசுமையும் குடிமாத்தமும் ஒரே மாசத்துல. ரெண்டுக்கும் புத்தி சொல்ல ஆள் தேடினியாம், கூகுள்ல. தாய்மாமன் நான் ஒருத்தன் சம்பளம் இல்லாம உட்கார்ந்திருக்கேன், ஞாபகம் வரலை. சரி, நீ கேக்கலைன்னாலும் நான் சொல்லத்தான் போறேன். வயசானவனுக்கு இருக்கிற ஒரே உரிமை அது.

முதல்ல உன் ஆபீசு. குழு இதுவரைக்கும் என்ன பண்ணுச்சுன்னு விசாரிச்சேன். சுவத்துல மரம் போட்ட ஸ்டிக்கர். 'பூமியைக் காப்போம்'னு ஒரு பேனர், அந்தப் பேனரே பிளாஸ்டிக். ஆளுக்கொரு தண்ணி டம்ளர். டம்ளருக்கு ஒரு உறை, உறைக்கு ஒரு அட்டைப்பெட்டி, பெட்டிக்கு மேல இன்னொரு உறை. வாசல்ல ரெண்டு செடி வச்சிருக்கீங்களாம். அதுல ஒண்ணு துணிச்செடின்னு உம் பொண்டாட்டிதான் சொன்னா. நல்லது, தண்ணி மிச்சம்.

ஏர்கோன் எத்தனையில வைக்கிறீங்கன்னு கேட்டேன். பதினெட்டாம்! ஆம்பளையும் பொம்பளையும் கம்பளிச் சட்டையை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்களாம். கேமரன் மலைக்குப் போக வக்கில்லாதவன் உங்க ஆபீசுக்கு வந்தாப் போதும் போல. மாப்பிள்ளை, அரசாங்கம் தன்னோட ஆபீசுகளுக்கு 24 டிகிரிக்குக் கீழ இறக்காதேன்னு 2011லயே சொல்லிட்டுது. வியாழக்கிழமை ஆனா அரசாங்க ஊழியரெல்லாம் கோட்டு டையைத் தூக்கிப் போட்டுட்டு பாத்தேக் சட்டையில வர்றாங்க. நீங்க மட்டும் லண்டன்ல இருந்து யாரோ வரப்போறாங்கங்கிற மாதிரி கோட்டைப் போட்டுக்கிட்டு, அந்தக் கோட்டு வேர்க்கக் கூடாதுன்னு ஏர்கோனைப் போட்டுக்கிட்டு, அந்த ஏர்கோன் குளிருக்குக் கம்பளியைப் போட்டுக்கிட்டு இருக்கீங்க. தலைவனா உன் முதல் உத்தரவு, ரிமோட்டைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகு. ரெண்டாவது உத்தரவு, மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளிப்பக்கமா நிழல் போடு. உள்பக்கம் திரை போட்டா வெயில் கண்ணாடி தாண்டி வந்துட்டுதுன்னு அர்த்தம். வந்த சூட்டை வெளிய தள்ளக் கரண்டுக்குக் காசு குடுக்கணும். பழைய துரை பங்களாவைப் பார்த்திருக்கியே. சுத்தி அகல வராந்தா, உயரமான கூரை, மரப்பலகை ஜன்னல். அவன் வெள்ளைக்காரன்தான், ஆனா வெயிலைப் பத்தி அவனுக்குத் தெரிஞ்சது உங்க கட்டடக்காரனுக்குத் தெரியலை.

இதெல்லாம் கிழவன் பேச்சுன்னு நினைக்காதே. புத்ராஜெயாவுல எரிசக்தி ஆணையத்துக்கு ஒரு கட்டடம் இருக்கு, வைரக் கட்டடம்னே பேரு. 2010ல கட்டி முடிச்சாங்க. மேல அகலம், கீழ குறுகல். ஏன் அப்படி? மேல்மாடி சுவரு கீழ்மாடிக்கு நிழல் தரும், அவ்வளவுதான். நடுவுல வெளிச்சம் இறங்க ஒரு முற்றம். தரைக் காங்கிரீட்டுக்குள்ள குழாய் பதிச்சு, ராத்திரியில குளுந்த தண்ணியை ஓடவிட்டுத் தரையையே குளுமையாக்கி வச்சுடுறாங்க. கூரையில விழுற மழைத்தண்ணி கக்கூசுக்குப் போகுது. வழக்கமான ஆபீஸ் தின்னுற கரண்டுல அது தின்னுறது மூணுல ஒரு பங்குதான். வராந்தாவும் முற்றமும் மழைத்தொட்டியும் தெரிஞ்ச நம்ம பாட்டன் பூட்டனுக்கு யாரும் விருது குடுக்கலை. அந்தக் கட்டடத்துக்குக் குடுத்தாங்க. குடுக்கட்டும், தகுதியான கட்டடம்தான்.

ஆனா அது எந்த மண்ணு மேல நிக்குதுன்னு உன் பசுமைக் குழுவுல யாருக்காவது தெரியுமா? புத்ராஜெயா வர்றதுக்கு முன்னாடி அங்க இருந்தது பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப்போர்ல சண்டை போட்டுட்டு வந்த வெள்ளைக்கார சிப்பாய்மாருங்க 1921ல ஆரம்பிச்சது. பக்கத்துல காலவே, செட்ஜ்லி, மேடிங்லின்னு இன்னும் மூணு தோட்டம். 1995ல நகரம் கட்ட ஆரம்பிச்சாங்க, 1999ல பிரதமர் ஆபீசு வந்துட்டுது. தோட்டத்துச் சனங்களை டெங்கில்ல தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பினாங்க. லயத்து வாசல்ல ஆடும் கோழியும் வச்சு, கறிவேப்பிலையும் முருங்கையும் நட்டுப் பிழைச்ச சனம். மாடி வீட்டுல கோழியை எங்க கட்டுறது? போதாததுக்குச் சுவத்துல விரிசல் வேற. எங்களுக்குத் தரைவீடு குடுங்கன்னு அவங்க கேட்டுக் கேட்டு இருபது வருசத்துக்கு மேல ஓடிட்டுது. நாட்டுலயே பச்சையான ஆபீசுங்களுக்கு இடம் விட்டது யாருன்னா, பெட்டி கட்டிக்கிட்டுப் போன அந்தத் தோட்டத்துச் சனத்தோட பிள்ளைங்கதான். அதனால பசுமை ஆபீசு ஒரு விஷயம், குடிமாத்தம் வேற விஷயம்னு நீ ரெண்டு பைல் போட்டு வச்சிருந்தா, ஒண்ணாக் கட்டு.

இன்னும் கிட்டத்துல ஒண்ணு காட்டுறேன். கெர்லிங்குக்குத் தெக்கால இருக்கிற குவாலா குபு பாரு. அந்த டவுனே வீடு மாறின டவுனு, தெரியுமா? பழைய குவாலா குபுவுல 1883ல அணை உடைஞ்சு வெள்ளம் வந்து ஊரை அடிச்சுக்கிட்டுப் போச்சு. மாவட்ட அதிகாரி சிசில் ரேங்கிங்கும் அதுல போயிட்டார். அவர் ஒரு வெள்ளை முதலையைச் சுட்டார், அது அணையைக் காத்த முதலை, அதனாலதான் உடைஞ்சதுன்னு ஒரு கதை உண்டு. முதலை மேல பழி போடுறது சுலபம், அது மறுப்பு அறிக்கை விடாது. அதுக்கப்புறமும் வெள்ளம் விடலை. மேல ஈயம் தோண்டித் தோண்டி மண்ணையும் மணலையும் ஆத்துல தள்ளினாங்க. ஆத்துப் படுகை ஏற ஏற ஊரு பள்ளமாப் போச்சு. 1926ல பெரிய வெள்ளம். கடைசியில ஊரையே மேட்டுக்குத் தூக்கணும்னு முடிவு பண்ணி, சார்ல்ஸ் ரீட்ங்கிற நியூசிலாந்துக்காரரு, நகரத் திட்டம் போடுற ஆளு, மரமும் திடலும் திறந்தவெளியுமாத் தோட்ட நகரம்னு வரைஞ்சு குடுத்தாரு. இன்னைக்கும் அங்க போனா மூச்சு விட இடம் இருக்கு. பழைய ஊரு இப்ப அம்பாங் பெச்சா. ஈயக்குட்டைத் தவுக்கே வேலையிடத்துக் குப்பையை ஆத்துல தள்ளினான், ஊருசனம் சட்டிபானையைத் தூக்குச்சு. வேலையிடம் அழுக்கா இருந்தாலும் வீடு நகரும், பச்சையாக்கினாலும் வீடு நகரும். நகராதது துரை நாற்காலி மட்டும்தான்.

சிரிக்கிறே. உன் கதைக்கு வர்றேன். உங்க ஆபீசுல மூணு கலர் தொட்டி வச்சிருக்கீங்களாமே, காகிதத்துக்கு நீலம், பிளாஸ்டிக்குக்கும் டின்னுக்கும் ஆரஞ்சு, கண்ணாடிக்குக் காப்பி நிறம். அழகா இருக்கும். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு ஓடாம கொஞ்சம் இருந்து பாரு. கூட்டுற அக்கா வருவாங்க. மூணு தொட்டியையும் ஒரே கறுப்புப் பையில கொட்டுவாங்க. அவங்களைத் திட்டாதே. அவங்களுக்கு ஒரு பைக்குத்தான் காண்டிராக்டரு கணக்கு வச்சிருக்கான், பிரிச்சு வாங்கிட்டுப் போக ஆளும் வரலை. நீ தொட்டி வாங்குறதுக்கு முன்னாடி அவங்களைக் கூப்பிட்டு உட்கார வச்சு ஒரு தேத்தண்ணி குடுத்து, "அக்கா, இது எங்க போகுது?"ன்னு கேட்டிருந்தா மூணு தொட்டிக் காசு மிச்சம்.

எங்க போகுதுன்னு நான் சொல்றேன். கோலாலம்பூர்க் குப்பை கெப்போங் பக்கம் தாமான் பெரிங்கின் மாத்து நிலையத்துக்குப் போயி, அங்க அமுக்கிப் பெரிய லோரியில ஏத்தி, நெடுஞ்சாலையில வடக்க ஏறி, புக்கிட் தாகார்ல இறங்குது. புக்கிட் தாகார் நீ குடிவரப்போற ஊருக்குப் பக்கம்தான் மாப்பிள்ளை. நீ மத்தியானம் தின்னுட்டுப் போட்ட பொட்டலம் உனக்கு முன்னாடியே இங்க வந்து குடியேறிட்டுது. ஒழுங்காப் படுகை போட்டு, அழுக்குத்தண்ணி மண்ணுல இறங்காமப் பிடிச்சு, குப்பை வாயுவுல கரண்டு எடுக்கிற இடம்; பழைய குப்பைமேடு மாதிரி கிடையாது, அதையும் சொல்லிடணும். ஆனா குப்பைக்கு இங்க இடம் கிடைச்ச வேகத்துல மனுசனுக்குக் கிடைக்கலை. புக்கிட் தாகார், மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக்னு அஞ்சு தோட்டத்துச் சனம், 245 குடும்பம், தோட்டம் கைமாறினப்புறம் சொந்த வீட்டுக்காக இருபது வருசத்துக்கு மேல கோரிக்கை மனுவும் கையுமா அலைஞ்சுது. அதுக்குள்ள குழந்தையா இருந்தவன் கல்யாணம் கட்டிட்டான்.

அதனால குழுக் கூட்டத்துல முதல் கேள்வியா இதையே வையி: எங்க போகுது? நம்ம நாட்டுக் குப்பையில அதிகமா இருக்கிறது சாப்பாட்டு மிச்சம். கூட்டம் போடும்போது ஆர்டர் பண்ணுற மீகோரெங்ல பாதி தொட்டிக்குத்தான் போகுது. ஆள் கணக்குக்கு ஆர்டர் பண்ணு, மானத்துக்கு ஆர்டர் பண்ணாதே. அடுக்குச் சட்டியில சோறு கொண்டாந்தவனை யாரும் இளக்காரமாப் பார்க்கக் கூடாதுன்னு ஒரு சுற்றறிக்கை விடு. மேனேஜரே ஒரு வாரம் தூக்குச்சட்டியோட வந்துட்டாருன்னா உனக்கு ஸ்டிக்கரே வேண்டாம்.

இன்னொண்ணு. பச்சையாத் தெரியுறதெல்லாம் பச்சை இல்ல. நாங்க வேலை பார்த்த இடம் எப்படி இருக்கும்? கண்ணுக்கெட்டுற தூரம் பால்மரம், அதை வெட்டிட்டுச் செம்பனை. வெள்ளைக்காரன் வந்து போட்டோ எடுப்பான், "என்னா பச்சை, என்னா பச்சை"ன்னு. அந்தப் பச்சைக்குக் கீழ பொம்பளைங்க முதுகுல மருந்துத் தோம்பைக் கட்டிக்கிட்டு, மூக்குல ஒரு துண்டைச் சுத்திக்கிட்டு, புல்லுக்கு மருந்தடிச்சுக்கிட்டுப் போவாங்க. நீலமும் பச்சையுமா இருக்கும் அந்தத் தண்ணி. தோம்பு ஒழுகும், முதுகுல இறங்கி இடுப்புச் சேலையில ஊறும். நகம் கறுத்து உதிரும், மூக்குல ரத்தம் வரும். காலையில பேர் கூப்பிடுற பிரட்டுல நிக்கும்போது உடம்பு முடியலைன்னா, வெத்தலை போட்டுக்கோன்னு வைத்தியம் சொல்வான் கங்காணி. அந்த மருந்துக்குப் பேரு பாராகுவாட். தெனாகனித்தா அமைப்பும் அதை நடத்தின ஐரீன் பெர்னாண்டசும் 2002ல இதைப் பத்தி ஆய்வு போட்டு நாட்டுக்குச் சொன்னாங்க. அரசாங்கம் நிறுத்தப் பார்த்துச்சு, 2006ல மறுபடி விட்டுட்டுது, கடைசியில 2020 ஜனவரியிலதான் முழுசாத் தடை. மரம் பச்சையா இருந்துச்சு, அதுக்குக் கீழ நடந்தவளுக்கு நகம் இல்ல.

ஏன் சொல்றேன்னா, உங்க ஆபீஸ் தரை பளபளன்னு இருக்கு, எலுமிச்சை வாசம் அடிக்குதுன்னு பீத்திக்கிட்டே. அந்த எலுமிச்சை எந்தத் தோட்டத்துல காய்ச்சதுன்னு டப்பாவைத் திருப்பிப் பாரு. கூட்டுற அக்காவோட கையைப் பாரு, கையுறை இருக்கான்னு பாரு. கக்கூசுல காத்து வெளிய போக வழி இருக்கான்னு பாரு. மருந்தைக் கலக்குற ஆளோட கை நல்லா இருந்தாத்தான் அந்த ஆபீசு பச்சை. குழுவுல அவங்களையும் ஒரு மெம்பராப் போடு. ஆபீசைப் பத்தி உங்க எல்லாரையும் விட அவங்களுக்குத்தான் அதிகம் தெரியும், யாரு லைட்டை அணைக்காமப் போறான்ங்கிறது உட்பட.

சரி, குடிமாத்தத்துக்கு வா. கோலாலம்பூர்ல ஆபீசு, கெர்லிங்ல வீடு. போக வர நூத்து முப்பது கிலோமீட்டர் இருக்கும். உன் காருக்கு ஒன்பது லிட்டர்னு வையி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ரெண்டே கால் கிலோவுக்கு மேல கரிவாயு. தினம் இருபது கிலோ புகையை விட்டுக்கிட்டு வந்து, ஆபீசுல டியூப்லைட்டை அணைச்சு பூமியைக் காப்பாத்துவே நீ. பசுமைக் குழுத் தலைவரு! குவாலா குபு பாருவுல கொமூட்டர் ரயில் நிக்குது, ராசாவுல நிக்குது, தஞ்சோங் மாலிம்ல கிளம்புது. ஒரு மணிக்கு மேல ஆகும். தூங்கிக்கிட்டே போகலாம், காருல தூங்கினா போய்ச் சேர்ற இடம் வேற. வீட்டுலேர்ந்து ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷம்னு பார்த்துட்டு வீட்டைப் பாரு. வாரத்துல ரெண்டு நாள் வீட்டுலேர்ந்தே வேலைன்னு ஆபீசுல கேட்டு வாங்கு. குழு சாதிக்கக்கூடிய பெரிய பசுமை அதுதான், பேனர் அடிக்கிற செலவும் இல்ல. தஞ்சோங் மாலிம்ல புரோட்டான் மின்சாரக் கார் தொழிற்சாலை வந்துட்டுது, ஷா ஆலத்துலேர்ந்து நிறைய பேரு வடக்க வர்றாங்க. அதனால ஏஜெண்டு உன்கிட்ட "இப்பவே புக் பண்ணுங்க சார், அடுத்த மாசம் விலை ஏறிடும்"னு சொல்லுவான். இங்க பக்கத்துல லெம்பா பெரிங்கின்லயும் தொண்ணூறுகள்ல அப்படித்தான் சொன்னான். 97ல பொருளாதார நெருக்கடி வந்துச்சு. கட்டின வீட்டுல கூரை வழியா மரம் எட்டிப் பார்த்துச்சு. பசுமை வீடுன்னா அதுதான் பசுமை வீடு. வீடு பார்க்கப் பகல்ல போகாதே, ராத்திரி எட்டு மணிக்குப் போ. தெருவுல எத்தனை வீட்டுல விளக்கு எரியுதுன்னு எண்ணு. மழை பெய்யுற சாயங்காலம் இன்னொரு தரம் போயி சாக்கடையைப் பாரு. மூணு மணி வெயில்ல போயி மேற்குச் சுவத்துல கையை வையி. கை சுட்டா அந்த ரூம்புல பிள்ளைங்களைப் படுக்கப் போடாதே.

வீட்டை முடிவு பண்றதுக்கு முன்னாடி பள்ளிக்கூடத்தைப் பாரு. இதை உன் தலைமுறை தலைகீழாப் பண்ணுது. வீட்டுக்குச் சாயம் என்ன கலர்னு முடிவு பண்ணி, சோபா வாங்கி, பால் காய்ச்சி, அப்புறம் ஞாயித்துக்கிழமை ராத்திரி "நாளைக்குப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போறான்?"னு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குவீங்க. கெர்லிங் தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கு, போயி தலைமையாசிரியரைப் பாரு. பழைய பள்ளியில மாற்றல் மனு கேட்டு வாங்கு, பிறப்புப் பத்திரம், புது வீட்டு விலாசத்துக்கு ஒரு அத்தாட்சி எல்லாம் ஒரு பையில போட்டு அதை லோரியில ஏத்தாமக் கையில வச்சுக்க. சின்னவ முதலாம் வகுப்புக்குப் போறான்னா பதிவு முந்தியே இணையத்துல முடிஞ்சிருக்கணும். ஆண்டுக் கடைசி லீவுல மாறினா பிள்ளைக்கு நல்லது, நடுவுல மாறினா பாடம் ஒரு பக்கம், சிநேகிதம் ஒரு பக்கம். பள்ளி வேன் யாரு ஓட்டுறா, எத்தனை மணிக்கு எடுக்குறா, எத்தனை பிள்ளையை அடைக்குறா, அதையும் கேளு. உன் ஐசியில விலாசம் மாத்த முப்பது நாள்தான் கெடு, அதை மறந்துட்டு ரெண்டு வருசம் கழிச்சு என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதே.

பிள்ளைங்க அழுதா "புது வீட்டுல உனக்குத் தனி ரூம்பு"ன்னு லஞ்சம் குடுக்கிறியாம். செம்பனைக் கன்னு நடுறதைப் பார்த்திருக்கியா? பையில வளர்ந்த கன்னு பையைக் கிழிச்சுக்கிட்டு அடி மண்ணுல வேர் விட்டிருக்கும். நடுற அன்னைக்கே வெடுக்குன்னு தூக்கினா வாடிப்போகும். ரெண்டு மூணு வாரம் முன்னாடியே பையை லேசாத் திருப்பி வைப்பாங்க. நிலத்துல இறங்கின வேர் அறுந்து, கன்னு கொஞ்சம் சுணங்கி, தெளிஞ்சப்புறம்தான் லோரி ஏறும், அதுவும் வேர்மண்ணோட. பிள்ளைக்கும் அதைச் செய். ரெண்டு மூணு சனிக்கிழமை இங்க கூட்டியா. பள்ளிக்கூடத் திடல்ல பந்தடிக்கட்டும், கடைக்காரருக்கு அவன் பேரு தெரியட்டும். அங்க இருக்கிற கூட்டாளிங்களை வரிசையாப் போயிப் பார்த்துட்டு வரட்டும், போன் நம்பர் எழுதிக்கட்டும். பிள்ளை அழுதா அழவிடு. ரெண்டு நாள்ல நிக்கும். அழக்கூடாதுன்னு மிரட்டினா ரெண்டு வருசம் நிக்காது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டைப்பெட்டி. அதுல என்ன வைக்கணும்னு அவங்கதான் முடிவு பண்ணணும். பெரியவன் கல்லு சேத்து வச்சிருக்கான், கை ஒடிஞ்ச ரோபோ வச்சிருக்கான்னு உம் பொண்டாட்டி அதை ராத்திரியில குப்பையில போடப் பார்க்குறாளாம். சொல்லி வையி, அந்தக் கல்லு ஒரு கிலோ, உன்னோட ஓடாத நடைபயிற்சி மெசினு எண்பது கிலோ. எதைப் போடணும்? பெட்டி மேல பிள்ளையே தன் பேரை எழுதட்டும். லோரியில அது கடைசியா ஏறணும், முதல்ல இறங்கணும். முதல் ராத்திரிக்கு வேண்டிய பாய், போர்வை, மருந்து, கெட்டில், மறுநாள் பள்ளி உடுப்பு எல்லாம் காருல. மத்ததைத் தேடுறதுக்கு உனக்கு வருசம் பூரா இருக்கு.

சாமான் கட்டுறதுக்குப் புசுபுசுன்னு காத்தடைச்ச பிளாஸ்டிக் சுருள் சுருளா வாங்கிப் போட்டிருக்கியாம், பசுமைத் தலைவரே. வீட்டுல கைலி இல்லையா, பழைய சேலை இல்லையா, துண்டு இல்லையா? தட்டை அதுல சுத்து. துணியும் வந்துட்டுது, தட்டும் உடையலை. பெட்டிக்கு மளிகைக் கடையில சொல்லி வையி, முட்டைப்பெட்டி, மீலோப் பெட்டி அடுக்கி வச்சுத் தருவாங்க. சிலாங்கூர்ல ஒரு பிளாஸ்டிக் பைக்கு இருபது காசு 2017லேர்ந்து. அந்த இருபது காசுக்குக் கடைக்காரரோட சண்டை போடுற நீ அம்பது வெள்ளிக்குப் பெட்டி வாங்குவே. மாறுறதுக்கு ஒரு மாசம் முன்னாடியிலேர்ந்து மளிகை வாங்காதே, இருக்கிறதை ஆக்கித் தின்னு காலி பண்ணு. வேண்டாத சாமானைப் பக்கத்து வீட்டுக்குக் குடு. ராத்திரியோட ராத்திரியா ரோட்டோரம் இறக்கிட்டு வர்ற வேலை வேண்டாம். பெரிய சாமான் எடுக்க நகராண்மைக்குச் சொன்னா வந்து எடுப்பாங்க.

நாள் பார்க்கணும்னு உங்கம்மா சொல்லுவா. பாரு, வேண்டாங்கலை. ஆடியில மாறாதேன்னும் சொல்லுவா. ஆடியில லோரி சும்மா கிடக்கும், மலிவா வரும்னு நீ கணக்குப் போடாதே. லோரிக்காரத் தவுக்கேக்கு ஆடியும் இல்ல ராகுகாலமும் இல்ல, வாடகை ஒரே வாடகைதான். நல்ல நேரத்துல பால் பொங்கணும்னு நினைக்கிறவ, அதே அக்கறையோட பின்பக்கம் போயி வாளி, பூச்சட்டி, கூரை ஓடையில தண்ணி தேங்கியிருக்கான்னு பார்க்கட்டும். நாட்டுல டெங்கி அதிகம் நம்ம சிலாங்கூர்லதான். பூட்டிக் கிடந்த வீடுன்னா குடியேறுறதுக்கு முன்னாடியே கொசு குடியேறியிருக்கும், அது வாடகையும் குடுக்காது. தண்ணித் தொட்டியைக் கழுவிவிட்டுப் பிள்ளைங்களைக் கொண்டா.

கடைசியா ஒரு விஷயம் ஆபீசுல கேளு. அந்தக் காலத்துல தோட்டத்துல ஆயாக் கொட்டகை இருந்துச்சு. விடியறதுக்கு முன்னாடி பிரட்டுக்குப் போற பொம்பளைங்க பிள்ளையை ஆயாகிட்ட விட்டுட்டுப் பால்வெட்டப் போவாங்க. கொட்டகை மணக்கும், சாரம் தொட்டில்ல பிள்ளைங்க வரிசையாத் தொங்கும், ஆயா ஒருத்தி இருவது பிள்ளைகளுக்குப் பால் கலக்குவா. ரொம்ப உசத்தி இல்லைதான். ஆனா பிள்ளை வேலையிடத்துக்குப் பக்கத்துல இருந்துச்சு. 1990ல வந்த தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டத்துல தோட்டத்துக்குக் குழந்தைக் காப்பகம் பத்தி எழுதியே இருக்கு. கூலிக்காரிக்கு இருந்தது உங்க கண்ணாடிக் கட்டடத்துல இல்லையே, ஏன்னு கேளு. ஒரு ரூம்பு, ஒரு ஆயா. காலையில பிள்ளையை ஒரு மூலைக்கு, உன்னை ஒரு மூலைக்குன்னு கார் அலையாது. துணிச்செடி வச்ச இடத்துலயே தொட்டில் கட்டலாம்.

லோரி வர்றது ஒரு சனிக்கிழமைன்னு கேள்விப்பட்டேன். அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமைக்குள்ள பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு வந்துடு. முருங்கைக் குச்சி நான் வெட்டி வைக்கிறேன், கறிவேப்பிலைக் கன்னும் இருக்கு, வாங்க வேண்டாம். இறக்குறதுக்கு ஆளும் நான் பிடிச்சுத் தர்றேன், சாப்பாடு நீ போடணும், பொட்டலம் இல்லாம. அந்த நடைபயிற்சி மெசினை மட்டும் கொண்டாராதே. இங்க நடக்க இடம் இருக்கு.